புது மூட்டும் பழைய நோவும்

இடுப்பு மூட்டுத் தேய்ந்தவர்க்கு அதனை அகற்றிச் செயற்கை மூட்டுப் பொருத்தலாம் என்னும் செய்தி இன்று சம்பூர் போன்ற சிற்றூர்களுக்கும் எட்டிவிட்டது. செய்தி எட்டிய அளவுக்கு விளக்கம் எட்டவில்லை. அறுத்த அன்றே நோவு தீரும் என்பார் ஒரு சாரார்; அறுத்தால் பிறகு எழும்பவே இயலாது என்பார் மறு சாரார். இரண்டுக்கும் நடுவே கிடந்து அலைபவர் நோயாளர். நான் வைத்தியன் அல்லேன், பாடசாலை அதிபர். என் தமக்கையாருக்கு இச்சிகிச்சை நடந்தபோது அருகிருந்து கண்டதையும், வாசித்தும் கேட்டும் அறிந்ததையுமே நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தொடை எலும்பின் உச்சி பந்து போன்றது. இடுப்பெலும்பின் கிண்ணத்துள் அது சுழல்கிறது. நடுவிலுள்ள வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்ந்தால் எலும்பும் எலும்பும் உராயும். 1960இல் பர்மாவின் மாந்தளை நகரிலே சான் போ என்னும் வைத்தியர், 83 வயதான பௌத்தத் துறவுப் பெண்ணொருவரின் முறிந்த இடுப்பில் யானைத் தந்தத்தாற் செய்த பந்தைப் பொருத்தினார். 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி என்பவர் உலோகப் பந்தையும் உறுதியான பிளாஸ்டிக் கிண்ணத்தையும் பதித்தார். இன்றைய முறை பெரும்பாலும் அவர் வகுத்த வழியில் வந்ததே.

இனி நோவைப் பற்றிப் பேசுவோம். நோவு ஒன்றன்று, இரண்டு. இரவில் உறங்கவிடாது உள்ளே குடையும் மூட்டு நோவு பெரும்பாலோர்க்குச் சிகிச்சையோடு விடைபெற்றுவிடும். ஆனால் வெட்டிய தோலும், விலக்கிய தசையும், குடைந்த எலும்பும் தம் நோவைப் புதிதாகக் கொண்டுவரும். முதற் சில நாட்கள் அது கடுமையாகவே இருக்கும். பின் ஆறு கிழமைவரை சிறுகச் சிறுகத் தணியும். கால் வீக்கம் அதனினும் நீடிக்கலாம். இப்புது நோவைப் பழையதென மயங்குவோர் பலர். மூன்றாங் கிழமையில் என் தமக்கையார், "தம்பி, எல்லாம் பிழைத்துப் போயிற்று" என்று அழுதார். விசாரித்தால், முதல் நாள் மாத்திரையைத் தவிர்த்துவிட்டுப் படலைவரை நாலு தடவை நடந்திருக்கிறார்! இரண்டு நாளில் அந்நோவு அடங்கியது. ஒரு நாள் நன்று, மறுநாள் சற்றுப் பின்னடைவு என்று அலைபோல் ஏறியிறங்கியே தேர்ச்சி வரும்.

உறவினரின் அன்பு இங்கே இடையூறாவதும் உண்டு. எலும்பு சம்பந்தமான எதற்கும் மாதக்கணக்காகப் படுத்திருக்க வேண்டும் என்பது முறிவு வைத்தியக் காலத்திலிருந்து நம்மிடம் ஊறிய எண்ணம். இன்றோ அன்றைக்கே அல்லது மறுநாளே நோயாளரை எழுப்பி நிற்கவைக்கிறார்கள். அது இரக்கமின்மை அன்று. அசையாது கிடந்தால் கால் நாளத்தில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிருக்கே ஊறு செய்யலாம்.

நம் வாழ்க்கை நிலத்தோடு ஒட்டியது. பாய், அரிவாள்மனை, குந்தும் மலசலகூடம், கோயிலிற் சம்மணம், எல்லாமே தாழ்வானவை. முதல் ஆறு முதல் பன்னிரண்டு கிழமைவரை, இடுப்பைவிட முழங்கால் உயரும்படி இருந்தால் பந்து கிண்ணத்தை விட்டு விலகக்கூடும். காலவரையறை செய்முறைக்கேற்ப மாறுமாதலால் அதனை வைத்தியரிடமே கேட்க வேண்டும். உயரமான கதிரையும் கொமட்டும் சிகிச்சைக்கு முன்னரே வீட்டில் இருத்தல் நலம். பத்திரகாளி அம்பாள் சந்நிதியில் விழுந்து வணங்க என் தமக்கையார் ஆசைப்பட்டார். நின்று கும்பிட்டால் அம்பாள் கோபிக்கமாட்டாள் என்று ஐயரே சொல்லவேண்டியதாயிற்று.

பலர் ஏறத்தாழ ஆறு கிழமையில் ஊன்றுகோலை விடுகிறார்கள். மூன்று மாதத்தில் அன்றாட வேலைகளுக்குத் திரும்புகிறார்கள். முழு வலிமை வர ஓராண்டும் ஆகலாம். நோவு எல்லார்க்கும் முற்றாக நீங்கும் என்று உறுதி கூறுவது நேர்மையாகாது. 2012இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று, நூற்றுக்கு 7 முதல் 23 பேர்வரை நெடுநாள் நோவு எஞ்சியதாகக் கூறுகிறது. மூட்டின் ஆயுளோ நீண்டது: 2019ஆம் ஆண்டுக் கணிப்பின்படி நூற்றில் 58 அளவில் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன.

காய்ச்சல், காயத்திற் சீழ், கெண்டைக்கால் வீங்கி நோதல், மூச்சுத் திணறல், திடீரென்று கால் குறுகி ஊன்ற முடியாமை ஆகியவை ஏறியிறங்கும் நோவைச் சேர்ந்தவை அல்ல. இவற்றுள் ஒன்று கண்டாலும் கிளினிக் நாள் வரட்டும் என்றிராமல், அன்றே மூதூர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும், நள்ளிரவாயினும்.