வளர்ப்புச் சிலந்தியின் முடியால் கண் பாதிப்பு: தவிர்ப்பது எப்படி?

டாரன்டுலா வகை சிலந்திகளைச் செல்லப் பிராணியாக வளர்ப்போர், அவற்றின் கடியைவிட உடல் முடிகளிடம் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டியுள்ளது.

பிரிட்டனின் லீட்ஸ் நகரில் 29 வயது நபர் ஒருவருக்கு ஏற்பட்ட கண் பாதிப்பை ‘லான்செட்’ மருத்துவ இதழ் பதிவு செய்துள்ளது. கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் கண்டால் கூசும் நிலையில் 3 வாரங்கள் அவதிப்பட்ட அவர், 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மருத்துவமனைக்கு வந்தார். நோய்த்தொற்று எனக் கருதி முன்னர் அளிக்கப்பட்ட ஆன்டிபயாடிக் மருந்து பலனளிக்கவில்லை. நுண்ணோக்கி வழியாகப் பரிசோதித்தபோது, கருவிழியில் மிக மெல்லிய முடிகள் குத்தி நிற்பது தெரியவந்தது. தான் வளர்க்கும் சிலந்தியின் கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்தபோது, அது தன் முகத்தை நோக்கி முடிகளை உதறியதை அதன் பிறகே அவர் நினைவுகூர்ந்தார்.

அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பல டாரன்டுலா இனங்கள், ஆபத்தை உணர்ந்தால் பின்னங்கால்களால் வயிற்றுப் பகுதியைத் தேய்த்து முடிகளைக் காற்றில் பரப்பும். அம்முடிகளில் நுண்ணிய முட்கள் இருப்பதால், அவை கண்ணுக்குள் மேலும் ஆழமாக நகரக்கூடும். நுண் இடுக்கியாலும் அவற்றை அகற்ற இயலாததால், லீட்ஸ் நபருக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து அளிக்கப்பட்டது.

இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட டாரன்டுலாக்களுக்கு இத்தகைய முடிகள் இல்லை. எனினும், கம்பளிப்பூச்சியின் முடி கண்ணில் பட்டு இதேபோன்ற பாதிப்பு ஏற்படுவது இங்கும் உண்டு.

தொட்டியைச் சுத்தம் செய்யும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணிவது அவசியம். முடி பட்டால் கண்ணைக் கசக்கக் கூடாது. கண் மருத்துவரை உடனடியாக அணுகி, வீட்டில் சிலந்தி வளர்ப்பதையும் மறவாமல் தெரிவிக்க வேண்டும். அத்தகவல் இல்லையெனில், சாதாரண கண் சிவப்பு எனக் கருதப்பட்டு உரிய சிகிச்சை தாமதமாகலாம்.