எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இதயத்தை நிறுத்திவிடுமா?

“ஹஜ்ரத், எம்.ஆர்.ஐ. எடுத்தா ஹார்ட் நின்னுடும்னு சொல்றாங்களே, உண்மையா?” மதுரையில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது காதில் விழும் கேள்விகளில் இதுவும் ஒன்று. அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கமிருந்து வருவோரிலும், டாக்டர் எழுதித் தந்த ஸ்கேனை இந்தப் பயத்தால் தள்ளிப்போடுவோர் உண்டு. நாம் பயந்து நிற்கிறோம் என்பதற்காக நோய் காத்திருக்காது.

பயம் எங்கிருந்து வருகிறது?

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான் வேலை செய்கின்றன. மருத்துவமனைகளில் உள்ள காந்தங்கள் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா வலிமை உள்ளவை. பூமியின் காந்தத்தைவிட இது முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். அதற்குள் இருக்கும் கம்பிச் சுருள்கள் காந்தப்புலத்தை அதிவேகமாகக் கூட்டிக் குறைக்கின்றன. உள்ளே கேட்கும் ‘டக் டக்’ சத்தம் அவற்றினுடையதே.

காந்தப்புலம் மாறினால் மின்சாரம் பிறக்கும். சைக்கிள் டைனமோவில் விளக்கு எரிவது இதனால்தான். நம் உடலும் மின்சாரத்தைக் கடத்தும். இதயம் துடிப்பதும் மின் தூண்டலால்தான். ஆகவே அந்தக் கேள்வி மூடத்தனமானதல்ல. விஞ்ஞானிகளும் அதைக் கேட்டு, ஆராய்ந்து, வரம்பு வகுத்திருக்கிறார்கள்.

வரம்பு எப்படி வேலை செய்கிறது?

தோலுக்கும் தசைக்கும் செல்லும் நரம்புகள் மிகக் குறுகிய மின் துடிப்புக்கும் சட்டென விழித்துக்கொள்ளும். இதயத் தசை அப்படியல்ல. அது மெதுவாகவே தூண்டப்படும். ஸ்கேன் சுருள்களின் மாற்றமோ ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் நடந்து முடிகிறது. அவ்வளவு குறுகிய நேரத்தில் இதயத்தைத் தூண்ட, நரம்புக்குத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு வலிமை வேண்டும். அந்த அளவை எட்டுவதற்கு வெகுமுன்பே கையிலோ முதுகிலோ சுருக்கென்று குத்தும், தசை துள்ளும், வலிக்கும். அல்லாஹ் உடலில் வைத்திருக்கும் எச்சரிக்கை மணி அது.

சர்வதேசத் தரவிதி இந்த மணியையே அளவுகோலாகக் கொண்டுள்ளது. சராசரி மனிதருக்கு நரம்புத் தூண்டல் தொடங்கும் அளவில் 80 சதவீதம்தான் சாதாரண ஸ்கேனுக்கு அனுமதி. மருத்துவக் கண்காணிப்போடு 100 சதவீதம் வரை போகலாம். இதயத்துக்கென்று தனி வரம்பும் உண்டு. இயந்திரமே இவற்றைக் கணக்கிட்டுக்கொள்கிறது. லேசான சுருக் உணர்வு சிலருக்கு வரலாம். வலித்தால் கையில் தந்திருக்கும் பந்தை அழுத்துங்கள், நிறுத்துவார்கள்.

உண்மையான ஆபத்து எது?

நாம் மறைப்பதும் எடுத்துச் செல்வதும்தான். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளிக்குத் துணையாக வந்த ஒருவர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு ஸ்கேன் அறைக்குள் போனார். காந்தம் சிலிண்டரோடு அவரையும் இழுத்தது, உயிரிழந்தார். படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் ஓய்வதில்லை.

பேஸ்மேக்கர் வைத்தவருக்கு மேலே சொன்ன வரம்புகள் மட்டும் போதாது. காந்தம் கருவியின் இயக்கத்தைக் குழப்பலாம். ரேடியோ அலையால் அதன் கம்பி முனை சூடாகலாம். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற பேஸ்மேக்கர்கள் இப்போது இருக்கின்றன. ஆனால் அவற்றையும் ஸ்கேனுக்கு முன் மாற்றியமைத்து, பின் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். எனவே பேஸ்மேக்கர் அட்டை, ஆபரேஷன் செய்த டிஸ்சார்ஜ் சீட்டு இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஸ்டென்ட், மூளையில் போட்ட கிளிப், காதுக்குள் வைத்த கருவி, கண்ணில் தெறித்த இரும்புத்தூள் எதையும் விடாமல் சொல்லுங்கள்.

நம் வீட்டுப் பெண்களிடம் ஹிஜாப் ஊசி, புர்காவின் உலோக பட்டன், ஜரிகைத் துணி பற்றி முன்பே சொல்லிவையுங்கள். ஊசியில்லாத பருத்தித் துணியால் தலையை மறைத்துக்கொள்ளலாமா, பெண் ஊழியர் இருப்பாரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். தாயத்து கூடுமா கூடாதா என்ற விவாதம் தனி. அதன் உலோகக் கூடு ஸ்கேன் அறைக்குள் கூடவே கூடாது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஸ்கேன் மையத்தில் தரும் கேள்வித்தாளை உண்மையாக நிரப்புவது அந்தக் கயிற்றைக் கட்டுவது போன்றது. எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் உடனிருந்து, ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துக் காட்டி நிரப்பிக் கொடுங்கள். அதன்பின் பிஸ்மில்லாஹ் சொல்லி உள்ளே போகட்டும்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.