மருந்தோடு மனிதரும் வேண்டும்!

பேய் பிடித்ததென்று வேப்பிலை அடித்தார்கள். ஓடிவிடுவானென்று சங்கிலி பூட்டினார்கள். விளைவு? 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஏர்வாடியிலே ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. ஓட நினைத்தவர்களைச் சங்கிலி விடவில்லை. 28 மனநோயாளர்கள் கருகி மாண்டார்கள்!

இல்லாத குரல் காதில் கேட்கிறது. பெற்ற தாயே நஞ்சு வைப்பதாக ஐயம் எழுகிறது. மனச்சிதைவு எனும் இந்நோய் பேயுமன்று, முன்வினையுமன்று. 1952-லேயே பாரிஸ் மருத்துவர்கள் குளோர்புரோமசின் எனும் மருந்தைக் கொடுத்து, இந்நோய்க்குப் பலன் கண்டார்கள். பிறகும் ஏன் சங்கிலி? மருந்து இருப்பது நகரத்து ஆஸ்பத்திரியில். நோயாளி இருப்பது கிராமத்துக் குடிசையில். நடுவே நிற்பவை பஸ் சத்தமும், இழக்கவேண்டிய ஒரு நாள் கூலியும்!

இந்த இடைவெளியை மனிதரைக் கொண்டு அடைக்க முடியுமா என்று சோதித்தார்கள். எங்கே? கோவாவிலும், மராட்டியத்துச் சதாராவிலும், செங்கற்பட்டும் மாமல்லபுரமும் அடங்கியிருந்த அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலும்! டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையிலே நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு இங்கே பணியாற்றியது. 2009, 2010 ஆண்டுகளில் 282 நோயாளர்கள் சேர்க்கப்பட்டார்கள். யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. 95 பேருக்கு வழக்கமான மருத்துவம். 187 பேருக்கு அதே மருத்துவம். அத்தோடு வீடு தேடி வரும் ஊழியர். அவர் டாக்டர் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர். மாத்திரை தவறாமல் பார்த்தார், குடும்பத்துக்கு நோயை விளக்கினார், வேலைக்குத் திரும்ப வழிகாட்டினார்.

ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். 2014-ல் ‘லான்செட்’ ஏடு வெளியிட்டது. மூன்று இடங்களையும் சேர்த்தால் பலன் சிறிதே, மிகைப்படுத்த மாட்டோம். ஆனால் தமிழ்நாட்டுக் கிராமங்களிலே நோயின் கடுமையும் செயலிழப்பும் தெளிவாகக் குறைந்தன! ஆஸ்பத்திரி எட்டாத இடத்திலேதான் நடந்துவரும் கால்களுக்கு மதிப்பு அதிகம் என்று நாம் கொள்கிறோம்.

புது மருந்துகளும் வருகின்றன. சானோமெலின், ட்ரோஸ்பியம் என்னும் இரண்டும் சேர்ந்த மருந்துக்கு, 2024 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. பழைய மருந்துகளின் வழியன்று, வேறு வழியில் மூளையிலே வேலை செய்வது அது. வரட்டும், வரவேற்போம்! ஆனால் சோதனைக்கு அழைக்கப்படும் ஏழை ஒன்றை அறியவேண்டும்: விளக்கம் கேட்பது அவன் உரிமை, மறுப்பதும் அவன் உரிமை. சோதனையால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டென்று 2019-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கைநாட்டு வாங்கிக்கொண்டு போவதன்று சம்மதம்!

சோதனை முடிந்தது, முடிவும் தெரிந்தது. இனி அந்த ஊழியர் எங்கே? சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் திட்டத்தை 2021-லே தொடங்கிக் காட்டிய நாடு இது. மனம் நொந்தவன் வீட்டுக்கு மட்டும் வழி தெரியாதா?

தோழர்களே! உங்கள் தெருவிலே பூட்டிய கதவொன்று இருக்கிறதா? தட்டுங்கள். மந்திரவாதியிடம் போகுமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஊருக்கோர் ஊழியர் வேண்டுமென்று உரத்துக் கேளுங்கள். சங்கிலியை அறுப்பது மருந்து மட்டுமன்று, மனிதனும்தான்!