பழைய எண்ணா, புதிய எண்ணா? - ஜீனோம் பிரவுசர் பழகிய ஒரு மதியம்

நம்ம ஊர்ல ஒரு வீட்டைத் தேடிப் போனா முதல்ல வர்ற கேள்வி, "பழைய கதவு எண்ணா, புதிய எண்ணா?" என்பதுதான். போன வாரம் லேபில் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து ஜீனோம் பிரவுசர் பழகினோம். அங்கேயும் இதே கேள்விதான் பாதி மதியத்தைச் சாப்பிட்டது.

ஜீனோம் பிரவுசர்னா என்ன? ஒரு உயிரின் டிஎன்ஏ முழுவதையும் நீளமான ரோடு மாதிரி விரித்துவைத்து, எந்த மரபணு எங்கே இருக்கிறது, எந்த எழுத்து ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று அடுக்கடுக்காகக் காட்டும் இணையதளம். மேப் மாதிரி ஜூம் பண்ணலாம், நகர்த்தலாம். இன்ஸ்டால் எதுவும் வேண்டாம், காசும் வேண்டாம். நாங்கள் திறந்தது கலிஃபோர்னியாவில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகம் நடத்தும் யூசிஎஸ்சி பிரவுசர். மனித ஜீனோமின் துண்டுகளை ஒட்டவைக்கும் புரோகிராமை 2000-ல் சுமார் ஒரு மாதத்தில் எழுதியவர் அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜிம் கென்ட். அந்த வரைவு ஜூலை 7 அன்று இணையத்தில் ஏறியது. "பயாலஜி நமக்கெதுக்கு?" என்று கேட்கும் சிஎஸ்இ நண்பர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

முதல் பயிற்சிக்கு அரிவாள் செல் நோயை எடுத்தோம். நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-லேயே கண்டறியப்பட்டது இது. பீட்டா குளோபின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறுவதுதான் காரணம். ஜிஏஜி இருக்கவேண்டிய இடத்தில் ஜிடிஜி.

நண்பன் ஒருவன் பழைய குறிப்பைப் பார்த்து, குரோமோசோம் 11-ல் 5,248,232 என்று டைப் செய்தான். அங்கே போனால் பீட்டா குளோபினே இல்லை! கருவில் இருக்கும் குழந்தைக்கான குளோபின் மரபணுக்கள் பக்கம் போய் நின்றோம். நெட் பிரச்சினை என்று ரெண்டு தடவை ரீலோடு வேறு பண்ணினோம். விஷயம் என்னவென்றால், அந்த எண் 2009-ல் வந்த எச்ஜி19 பதிப்புக்கு உரியது. நாங்கள் திறந்திருந்தது 2013-ல் வந்த எச்ஜி38. துண்டுகளைத் திருத்தி ஒட்டும்போது எல்லாமே நகர்ந்துவிடும். புதிய பதிப்பில் அதே எழுத்தின் முகவரி 5,227,002. வித்தியாசம் 21,230 எழுத்து. பிரவுசர் தப்பு என்று சொல்லாது. கேட்ட இடத்தை அழகாகக் காட்டும், அவ்வளவுதான். இதிலிருந்து தப்பிக்க ரெண்டு வழி உண்டு. 'லிஃப்ட்ஓவர்' என்ற கருவியில் பழைய எண்ணைக் கொடுத்தால் புதியதைத் தரும். இல்லையென்றால் அந்த மாற்றத்தின் அடையாள எண்ணான ஆர்எஸ்334-ஐத் தேடுங்கள். பதிப்பு மாறினாலும் அது மாறாது.

சரியான இடத்துக்கு வந்த பிறகும் குழப்பம். புத்தகத்தில் ஏ, டி-யாக மாறுகிறது. திரையில் டி, ஏ-யாக மாறுகிறது. மரபணுப் பட்டையில் உள்ள குட்டி அம்புக்குறிகளைப் பாருங்கள், இடது பக்கம் நோக்கி இருக்கும். அதாவது இந்த மரபணு எதிர் இழையில் இருக்கிறது. போடிமெட்டில் இருந்து இறங்குகிறவருக்கு இடதுபக்கம் தெரிகிற பாறை, ஏறுகிறவருக்கு வலதுபக்கம். 'ரிவர்ஸ்' பட்டனைத் தட்டினால் புத்தகமும் திரையும் ஒத்துப்போகும்.

எங்களில் ஒருத்திக்கு மேலே ஏலத்தோட்டம் இருக்கிறது. "எங்க செடிக்கு இதுல என்ன இருக்கு?" என்றாள். ஏலத்தின் பெரிய எதிரி கட்டே என்கிற தேமல் நோய். இலையில் வெளிறிய கோடு கோடாக விழும். அசுவினி பரப்பும் வைரஸ் இது. மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கி அழிக்கவேண்டியதுதான். என்சிபிஐ தளத்தில் ஏலக்காய் தேமல் வைரஸைத் தேடினோம். முழு ஜீனோமே சுமார் 8,000 எழுத்துதான். மனித 11-ஆம் குரோமோசோம் மட்டும் 13 கோடிக்கும் மேல்!

வெளியே தெரியாமல் நோய் இருக்கிறதா என்று பிசிஆர் சோதனையில் பார்க்க, பிரைமர் என்ற சின்னத் துண்டு வைரஸின் வரிசையோடு பொருந்தவேண்டும். ஊருக்கு ஊர் மாறும் இடத்தில் அதை வைத்துவிட்டால் நோயுள்ள பக்கக் கன்றுக்கும் "நல்ல கன்று" என்று ரிசல்ட் வரும். அதை நட்டால் பக்கத்துச் செடிக்கும் பரவும். அதனால் கிடைத்த வரிசைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி, மாறாத பகுதியைத் தேட ஆரம்பித்தோம். இங்கேயும் எந்தப் பதிவெண்ணை வைத்து எண்ணினோம் என்று குறித்தே ஆகவேண்டும். அவள் நோட்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதினாள்.

ஏலக்காய்க்குத் தூரத்துச் சொந்தமான வாழையின் ஜீனோம் 2012-ல் வெளியானது. என்செம்பிள் பிளான்ட்ஸ் தளத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் அதைத்தான் திறக்கப்போகிறோம். லேபில் இன்னும் நாலு சிஸ்டம் காலி, வாங்க.