கொசுறும் கோபமும்

மயிலாப்பூர் மாடவீதியில் காய்கறி வாங்குபவர்களில் பலர் கொசுறு இல்லாமல் நகரமாட்டார்கள். கறிவேப்பிலை ஒரு கொத்து, கொத்துமல்லி நாலு தழை, அவ்வளவுதான். ஆனால் கோயம்பேட்டில் வரத்து குறைந்து விலை ஏறிய நாளில் அதை நிறுத்திவிட்டால், பத்து வருட வாடிக்கையாளரின் முகம்கூட மாறிவிடுகிறது. காய்க்குக் கூடுதலாக ஐந்து ரூபாய் கொடுக்கத் தயங்காதவர் கொத்துமல்லிக்காகக் கோபிப்பானேன்? வணிக அன்பர்கள் பலரும் நம்மிடம் கேட்ட கேள்வி இது. மூளை ஆராய்ச்சியில் இதற்கு விடை இருக்கிறது.

ஸ்விட்சர்லாந்தில் வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி, குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, நடுமூளையில் டோபமின் என்னும் இரசாயனத்தைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது செல்கள் துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகியபின் விளக்கைக் கண்டதுமே துள்ளின. சாறு வந்தபோது சலனமே இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டாலோ, வரவேண்டிய அந்த நொடியில் வழக்கமான துடிப்பும் அடங்கிப்போயிற்று. பீட்டர் டயான், ரீட் மான்டேக் இருவருடன் சேர்ந்து 1997-ல் 'சயன்ஸ்' இதழில் அவர் இதை விளக்கினார். மனிதர்களுக்குச் சாறு கொடுத்து ஸ்கேன் எடுத்தபோதும் இதே போக்கு தெரிந்ததாக 2003-ல் ஆய்வுகள் வெளிவந்தன.

நம் பேரேட்டு மொழியில் சொன்னால், கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து மிச்சத்தை மட்டுமே மூளை வரவு வைக்கிறது. முதல் நாள் கொசுறு முழு வரவு. தினமும் கொடுத்தால் மிச்சம் பூஜ்யம். நிறுத்தினால் பற்று. நாம் இலவசமாகக் கொடுத்தது அவர் கணக்கில் பாக்கியாக ஏறிவிடுகிறது!

தி.நகரின் ஆடித் தள்ளுபடியும் இப்படித்தான். விளம்பரம்தான் அங்கே விளக்கு. அதை எதிர்பார்த்து ஆனியிலேயே வாங்குவதைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. டோபமினை 'இன்ப இரசாயனம்' என்று பலர் எழுதுகிறார்கள். அது அவ்வளவு சரியல்ல. ஆசை வேறு, இன்பம் வேறு, டோபமின் தூண்டுவது ஆசையையே என்கிறார் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ். முண்டியடித்து வாங்கிய புடவையைப் பிரிக்காமலே பீரோவில் வைத்திருப்பவர்களை நாம் பார்த்ததில்லையா?

ஆகவே மாதச் சாமான் வாங்கும் வீட்டுக் குழந்தைக்குக் கடலைமிட்டாயை எப்போதாவது, சொல்லாமல் கொடுப்பதே மேல் என்பது நம் கருத்து. கொசுறை நிறுத்தியே தீரவேண்டுமானால், காய் தராசில் ஏறும் முன்பே, "கொத்துமல்லிக் கட்டு இன்னிக்கு விலை கூடிப்போச்சும்மா" என்று சொல்லிவிடலாம். அவர் பையை நீட்டியபின் சொன்னால், விளக்கு எரிந்து சாறு வராத கதைதான்.