மொட்டைமாடியில் ஒரு விமானம்

கட்டில் போடவே இடம் தேடும் நகரம் நம் பம்பாய். அங்கே காந்திவலி சார்க்கோப்பில், விமானி அமோல் யாதவ் அவர்கள் தம் குடியிருப்பின் மொட்டைமாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானத்தை அமைத்தார். தாராவியை அடுத்த பாந்த்ரா-குர்லா வளாகத்தில் 2016 பிப்ரவரியில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. அரசுப் பதிவு கிடைத்தது 2017 நவம்பரில். பறந்து பார்க்கும் அனுமதியோ 2019 அக்டோபரில்.

ஆதலின், உறுப்புகளை வரவழைத்து வீட்டிலேயே விமானம் பூட்ட விழையும் இளைஞர்களே! முதலில் விதிகளைப் பயிலுங்கள். வால்பகுதியில் கை பழகிப் பின்னர் இறக்கைக்குச் செல்லுங்கள். அன்றன்று செய்த வேலையைக் குறிப்பேட்டில் பதியுங்கள். இரயிலில் கோளாறு நேர்ந்தால் அடுத்த நிலையத்தில் நிறுத்தலாம். வானில் நிலையம் ஏது?

பெற்றோர்களே! மாடியில் தட்டும் ஓசை கேட்டால் வையாதீர்கள். அக்குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.