அளவுகோலும் விளைவும்



பள்ளி திறக்கும் காலத்தில் தலைமையாசிரியரின் உறக்கத்தைக் கெடுப்பது பாடவேளை அட்டவணை. ஓர் ஆசிரியரை ஒரே வேளையில் இரு வகுப்புகளில் நிறுத்த இயலாது; ஒரு முடிச்சை அவிழ்த்தால் மற்றொன்று விழும். இத்தகைய சிக்கல்களைத் தீர்க்க, இயற்கையைப் பார்த்து மனிதன் அமைத்துக்கொண்ட முறை ஒன்று உண்டு. அதற்குப் பரிணாமப் படிமுறை என்று பெயர்.

அஃது யாது? முதலில் தற்செயலாகப் பல விடைகளை உண்டாக்குகிறோம். ஒவ்வொன்றுக்கும் அதன் தகுதிக்கேற்ப மதிப்பெண் இடுகிறோம். மேலானவற்றைப் பெற்றோராகக் கொண்டு, அவற்றின் கூறுகளைக் கலந்தும், ஆங்காங்கே சிறு மாற்றம் செய்தும் அடுத்த தலைமுறையைப் படைக்கிறோம். தலைமுறை தலைமுறையாக இவ்வாறு செய்துவர, விடைகள் படிப்படியாகச் சீர்படுகின்றன.

1964-ஆம் ஆண்டில், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இங்கோ ரெக்கன்பெர்க் என்பார் இதன் எளிய வடிவம் ஒன்றைக் கையாலேயே செய்து பார்த்தார். ஆறு தட்டுகளை ஐந்து கீல்களால் இணைத்துக் காற்றுச் சுரங்கத்தில் வைத்தார். ஒவ்வொரு கீலுக்கும் 51 நிலைகள். ஆக, 34 கோடிக்கு மேற்பட்ட வடிவங்கள்! கீல்களைத் தற்செயலாகச் சிறிது மாற்றுவார். காற்றின் தடை குறைந்தால் புதிய வடிவத்தை வைத்துக்கொள்வார். இல்லையேல் பழையதற்கே திரும்புவார். மடிந்து மடிந்து நின்ற அமைப்பு, சில நூறு சோதனைகளிலேயே ஏறக்குறையத் தட்டையாயிற்று. தட்டை வடிவமே சிறந்தது என்பது முன்பே தெரிந்ததுதான். இம்முறை அதனைத் தானே கண்டடையுமா என்பதே கேள்வி. கூறுகளைக் கலக்கும் முறையை, அமெரிக்க அறிஞர் ஜான் ஹாலந்து 1975-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

இவற்றைப் படித்தபோது எல்லாம் விளங்கிவிட்டதாகவே எண்ணினேன். ஓய்வு பெற்றபின் நிரல் எழுதப் பழகி, சிறிய அட்டவணை ஒன்றைக் கணிப்பொறியிடம் கொடுத்தேன். ஆசிரியர் மோதல் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் குறையுமாறு விதித்தேன். சில நூறு தலைமுறைகளில் மோதல் அறவே நீங்கிற்று. மகிழ்ந்து பார்த்தால், ஒரு வகுப்புக்குத் திங்கட்கிழமை முழுவதும் கணக்கு! கணிப்பொறி பிழை செய்யவில்லை; கேட்டதைத் தந்தது. வேண்டியதைக் கேட்க நான்தான் அறியவில்லை.

பிறகு மாற்றத்தின் அளவைக் கூட்டினேன். நல்ல விடைகளும் சிதைந்தன. மிகக் குறைத்தேன், எல்லா விடைகளும் ஒன்றுபோலாகித் தேங்கின. தக்க அளவு எதுவென்பதைப் பலமுறை செய்து பார்த்தே அறிந்தேன்.

அன்று மற்றோர் உண்மையும் உறைத்தது. பல்லாண்டுகள் என் மாணவரைத் தேர்வு மதிப்பெண் ஒன்றாலேயே அளந்தேன். பொருளறியாது மனப்பாடம் செய்வோர் பெருகினர், அவர்களைக் கடிந்துகொண்டேன். அளவுகோல் என்னுடையதன்றோ?

ஆதலின் உங்களுக்கு ஒரு பயிற்சி. 20 இடங்களில் 0 அல்லது 1 எழுதினால் 10,48,576 வரிசைகள் அமையும். 1-களின் எண்ணிக்கையையே தகுதியாகக் கொண்டு, எல்லாம் 1 ஆகும்வரை தலைமுறைகளை வளர்க்கும் நிரலை நீங்களே எழுதுங்கள். ஒவ்வொரு தலைமுறையின் சிறந்த மதிப்பெண்ணையும் ஏட்டில் குறித்து வாருங்கள். எழுதியது ஓடாவிடில் வருந்த வேண்டா. எங்கே தவறியது என்று தேடுங்கள். அத்தேடலே படிப்பு.